இசிஜி வாசிப்பை இணையவழியில் கற்க முடியுமா? சிறு ஊர் மருத்துவமனைகளில் உயிர் காக்கும் முதல் 10 நிமிடங்கள்

சூளூர்பேட்டை: நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்கு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுத்து, அதைப் படித்தும் முடித்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் மருத்துவ நெறிமுறை. இசிஜி எடுக்கும் இயந்திரம் இன்று சிறு ஊர்களிலும் உள்ளது. ஆனால், அது அச்சிட்டுத் தரும் காகிதத்தைப் பார்த்து 'இது மாரடைப்பு' என்று அறிந்து சொல்லக்கூடியவர் அந்த வேளையில் பணியில் இருக்கிறாரா என்பதே நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கிறது.

இந்தக் குறையைப் போக்கும் வழிகளில் ஒன்றாக இணையவழி இசிஜி படிப்புகள் பெருகியுள்ளன. மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், அவசர ஊர்திப் பணியாளர்கள் எனப் பலரும் கைபேசியிலேயே இக்கலையைக் கற்கத் தொடங்கியுள்ளனர். இப்படிப்புகள் எதைக் கற்பிக்கின்றன? எதை அவற்றால் கற்பிக்க இயலாது? விரிவாகக் காண்போம்.

தூரமும் நேரமும்

ஆந்திரப் பிரதேசத்தின் சூளூர்பேட்டை, சென்னையிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. மாவட்டத் தலைநகரான திருப்பதி இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி முழுவதுமாக அடைபடும்போது இதயத் தசை அழியத் தொடங்குகிறது. இசிஜியில் தனித்த அடையாளத்துடன் தெரியும் இவ்வகை மாரடைப்பை மருத்துவர்கள் 'ஸ்டெமி' என்று அழைக்கின்றனர். ஸ்டெமி உறுதியானதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலுமானால் அதுவே முதல் தேர்வு. இயலாதெனில், ரத்த உறைவைக் கரைக்கும் மருந்தை உடனே செலுத்திவிட்டு, அதன் பிறகு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். நோயறிந்த 10 நிமிடங்களுக்குள் அம்மருந்தைத் தொடங்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய நெறிமுறை.

சூளூர்பேட்டை போன்ற ஊரில் இந்தக் கணக்கு கடினமானது. ஊர்தி வந்து சேரும் நேரம், பயண நேரம், பெரிய மருத்துவமனையில் சிகிச்சைக் குழு ஆயத்தமாகும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் 120 நிமிடங்கள் எளிதில் கடந்துவிடும். எனவே, மருந்து செலுத்துவதா, அனுப்பிவைப்பதா என்ற முடிவு முதலில் சென்ற மருத்துவமனையிலேயே எடுக்கப்பட வேண்டியதாகிறது. அந்த முடிவுக்கு அடிப்படை இசிஜி காகிதமே.

இம்முடிவு தவறினால் இரு பக்கமும் இழப்புண்டு. மாரடைப்பைக் கவனிக்கத் தவறினால் இதயத் தசை பறிபோகும். மாரடைப்பு அல்லாத ஒன்றை மாரடைப்பெனக் கருதி உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினால் மூளையில் ரத்தக் கசிவு போன்ற பேராபத்து நேரலாம்.

கட்டங்களுக்குள் அடங்கிய இதயத் துடிப்பு

இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்பு அதனுள் ஒரு மின்னோட்டம் பரவுகிறது. அதைத் தோலின் மேல் ஒட்டப்படும் மின்முனைகள் வழியாகப் பதிவுசெய்வதே இசிஜி. கை கால்களில் நான்கு, மார்பில் ஆறு என 10 மின்முனைகளே பொருத்தப்பட்டாலும், அவற்றிலிருந்து 12 கோணங்களில் இதயம் பார்க்கப்படுகிறது. இக்கோணங்களே 'லீடு' எனப்படுகின்றன.

காகிதம் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். ஆகவே, ஒரு சிறு கட்டம் 0.04 நொடியையும், ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த ஒரு பெரிய கட்டம் 0.2 நொடியையும் குறிக்கும். மேல்நோக்கிய 10 மில்லிமீட்டர் உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்குச் சமம்.

ஒரு துடிப்பில் முதலில் எழும் சிறு மேடு 'பி' அலை. இது இதயத்தின் மேலறைகள் தூண்டப்படுவதைக் காட்டுகிறது. அடுத்து வரும் கூர்மையான 'கியூஆர்எஸ்' கீழறைகள் தூண்டப்படுவதையும், இறுதியில் வரும் 'டி' அலை அவை மீண்டும் இயல்புநிலைக்குத் திரும்புவதையும் காட்டுகின்றன. கியூஆர்எஸ்-க்கும் டி அலைக்கும் இடைப்பட்ட சமநிலைக் கோடே 'எஸ்டி' பகுதி. மாரடைப்பைத் தேடும் கண் முதலில் செல்ல வேண்டிய இடம் இதுதான்.

வரிசை தவறாத வாசிப்பு

தரமான படிப்புகள் அனைத்தும் முதலில் வலியுறுத்துவது ஒழுங்கான வரிசையையே. கண்ணில் பட்ட மாறுதலை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தவறவிடுவது தொடக்க நிலையினரின் பொதுவான பிழை. அதனைத் தவிர்க்க ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் படிக்கப் பழக்குகின்றனர்.

முதலில் நோயாளியின் பெயர், வயது, நேரம், காகித வேகம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, துடிப்பு வேகம். சீரான துடிப்பில், அடுத்தடுத்த இரு உயர்ந்த முனைகளுக்கு இடையிலான பெரிய கட்டங்களின் எண்ணிக்கையால் 300-ஐ வகுத்தால் நிமிடத்துக்கான துடிப்பு கிடைக்கும். நான்கு கட்டங்கள் இருந்தால் துடிப்பு 75.

மூன்றாவது, துடிப்பு சீரானதா, ஒவ்வொரு கியூஆர்எஸ்-க்கும் முன்பு பி அலை உள்ளதா என்பதைக் காண வேண்டும். அடுத்து இடைவெளிகள். பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் வரையிலான நேரம் 0.12 முதல் 0.20 நொடி வரை இருப்பது இயல்பு. கியூஆர்எஸ்-இன் அகலம் மூன்று சிறு கட்டங்களுக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகே எஸ்டி பகுதியும் டி அலையும் ஒவ்வொரு லீடாக ஆராயப்படும்.

எஸ்டி பகுதி உயர்ந்திருப்பதாகத் தோன்றினால், ஒரு லீடில் மட்டும் தெரிகிறதா, இதயத்தின் ஒரே பகுதியை நோக்கும் அடுத்தடுத்த இரு லீடுகளிலாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் ஆகிய லீடுகள் இதயத்தின் அடிப்புறத்தைக் காட்டுபவை. வி1 முதல் வி4 வரையிலானவை முன்புறத்தைக் காட்டுபவை. ஒன்று, ஏவிஎல், வி5, வி6 ஆகியவை பக்கவாட்டைக் காட்டுபவை. இந்த வரைபடம் மனத்தில் பதிந்தவருக்கு, அடைப்பு எந்தத் தமனியில் இருக்கக்கூடும் என்ற ஊகமும் எழும்.

அடிப்புற மாரடைப்பு தென்பட்டால் மார்பின் வலப்புறத்திலும் மின்முனை பொருத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். இதயத்தின் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால், நாவின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை ரத்த அழுத்தத்தை அபாயகரமாகத் தாழ்த்திவிடக்கூடும். ஒரு லீடை கூடுதலாகப் பார்த்ததால் சிகிச்சையே மாறுவதற்கு இது எடுத்துக்காட்டு.

இணையத்தில் கிடைப்பவை

இப்பயிற்சிக்கான வளங்களில் பல கட்டணமில்லாதவை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தின் 'இசிஜி வேவ்-மேவன்' தளம், நூற்றுக்கணக்கான இசிஜிகளைக் கடின நிலை வாரியாகத் தந்து, விடையையும் விளக்கத்தையும் அளிக்கிறது. ஆஸ்திரேலிய அவசர சிகிச்சை மருத்துவர்கள் தொடங்கிய 'லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன்' தளத்தின் இசிஜி நூலகம், நோய்வாரியாக உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது.

இணையவழிக் கற்றலின் பெரும்பயன் எண்ணிக்கையே. ஒரு சிறு மருத்துவமனையில் பணியாற்றுபவர் சில அரிய மாறுதல்களை ஆண்டுக்கு ஒரு முறை காண்பதே அரிது. திரையிலோ ஒரே மாலையில் அவற்றைப் பத்து வடிவங்களில் காணலாம். தவறாகச் சொன்னாலும் யாருக்கும் தீங்கில்லை. பிழை எங்கே என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது.

பயிற்சி போதுமா?

இக்கேள்விக்கு 2020-ஆம் ஆண்டு 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு நேர்மையான விடை தருகிறது. 78 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த அத்தொகுப்பின்படி, இசிஜி வாசிப்பின் சராசரித் துல்லியம் பயிற்சிக்கு முன்பு 54 சதவீதமாகவும், பயிற்சிக்குப் பின்பு 67 சதவீதமாகவும் இருந்தது. இதய நோய் நிபுணர்களே கூடுதல் பயிற்சிக்கு முன்பு 75 சதவீத அளவில்தான் சரியாகப் படித்தனர்.

இந்த எண்கள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. பயிற்சி பயன் தருகிறது என்பது ஒன்று. ஒரு படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றதாலேயே ஒருவர் தனித்து முடிவெடுக்கத் தகுதி பெற்றுவிடுவதில்லை என்பது மற்றொன்று.

திரை கற்பிக்க இயலாதவையும் உள்ளன. மார்பின் நான்காவது விலா இடைவெளியை விரலால் தடவிக் கண்டு வி1 மின்முனையைப் பொருத்துவது கைப்பழக்கம். இரு கைகளின் மின்முனைகள் இடம் மாறிவிட்டால் முதல் லீடின் அலைகள் தலைகீழாகத் தெரியும். அதை நோயென்று எண்ணிவிட வாய்ப்புண்டு. பயிற்சித் தளங்களில் வருபவை பெரும்பாலும் தெளிவான படங்கள். பதற்றத்தில் வியர்த்து நடுங்கும் நோயாளியின் இசிஜி அவ்வளவு தெளிவாக இராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, காகிதம் மட்டுமே நோயைச் சொல்லிவிடாது. மாரடைப்பின் தொடக்கத்தில் இசிஜி இயல்பாகவே இருக்கக்கூடும். வலி தொடர்ந்தால் சில நிமிட இடைவெளியில் மீண்டும் எடுத்து, முந்தையதோடு ஒப்பிட வேண்டும். இயந்திரமே அச்சிடும் 'இயல்பானது' என்ற கணினிக் குறிப்பையும் மருத்துவர் சரிபார்க்காமல் ஏற்பது ஆபத்தானது.

தொலைவிலிருந்து படிக்கும் மரபு

ஐயம் எழும்போது மூத்தவரிடம் கேட்பதற்கு இன்று தூரம் தடையில்லை. உண்மையில், இசிஜியும் தொலைமருத்துவமும் உடன்பிறந்தவை எனலாம். இசிஜி கருவியை உருவாக்கிய நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன், 1905-லேயே லைடன் நகர மருத்துவமனையில் இருந்த நோயாளியின் இதய அலைகளை, ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகப் பதிவுசெய்தார். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சித்தூர் மாவட்டத்துக்கும் இம்மரபில் இடமுண்டு. இம்மாவட்டத்தின் அரகொண்டா கிராம மருத்துவமனை, செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக நகர மருத்துவர்களோடு இணைக்கப்பட்டு, 2000 மார்ச் 24 அன்று அப்போதைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டனால் தொடங்கிவைக்கப்பட்டது. சூளூர்பேட்டையை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே 'எடுசாட்' செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அன்று செயற்கைக்கோள் தேவைப்பட்ட பணியை இன்று ஒரு கைபேசிப் படம் செய்துவிடுகிறது.

இவ்வாறான இணைப்பின் பயனைத் தமிழ்நாடு எண்களாலேயே காட்டியுள்ளது. 2012 முதல் 2014 வரை, 35 சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களோடு இணைத்து ஸ்டெமி திட்டம் ஒன்று இங்கு ஆராயப்பட்டது. மொத்தம் 2,420 நோயாளிகள் இதில் இடம்பெற்றனர். திட்டத்துக்கு முன்பு 17.6 சதவீதமாக இருந்த ஓராண்டு இறப்பு விகிதம், அதன் பின்பு 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஆந்திரப் பிரதேசத்திலும் 2023-இல் திருப்பதி உள்ளிட்ட பகுதிகளில் இதேபோன்ற ஸ்டெமி திட்டம் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது.

ஆயினும், படத்தை அனுப்பவேண்டும் என்று தோன்றுவதற்கே அதில் ஏதோ பிசகு உள்ளது என அறிந்த ஒரு கண் முதல் மருத்துவமனையில் இருக்க வேண்டும். இணையவழிப் படிப்பின் உண்மையான இலக்கு இதுவே. சிறு ஊரில் பணியாற்றும் ஒவ்வொருவரையும் நிபுணராக்குவது அதனால் இயலாது. உடனே செயல்பட வேண்டிய இசிஜி எது, காத்திருக்கக்கூடியது எது, கேட்டறிய வேண்டியது எது எனப் பிரித்தறியும் ஆற்றலை அதனால் தர இயலும்.

பொதுமக்கள் செய்ய வேண்டியது என்ன?

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் வாயுத்தொல்லை எனக் கருதி வீட்டில் காத்திருக்கக் கூடாது. முதியோர், பெண்கள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்குத் தெளிவான வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம். தாமே வாகனம் ஓட்டிச் செல்லாமல் 108 அவசர ஊர்தியை அழைப்பது நல்லது.

முன்பு எடுத்த இசிஜி இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். புதிய மாறுதலா, பழைய மாறுதலா என்பதை அறிய அதைவிடச் சிறந்த துணை வேறில்லை. கைபேசியில் ஒரு படமாக அதைச் சேமித்து வைத்திருந்தாலும் போதும். இணையத்தில் படித்ததைக் கொண்டு தம் இசிஜியைத் தாமே படித்து, 'ஒன்றுமில்லை' என்று முடிவுகட்டுவது மட்டும் கூடாது.