வாசலிலேயே புதுசாகும் ஹெரால்டு

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய கார், ஹெரால்டு. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி.

சொந்தக் கையால் காரைப் புதுப்பிக்க நினைப்பவருக்கு ஹெரால்டு தோதான வண்டி. பாடி, சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. பானட்டும் மட்கார்டும் சேர்ந்தே முன்பக்கம் கவிழும். துருப்பிடித்த பாகத்தைத் தனியே கழற்றி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடிக்கலாம். சீட்டுக்கு, பழைய உறையையே அளவாக வைத்து ரெக்ஸின் வெட்டலாம். நம்மூர் வெயிலுக்குக் கறுப்பு மட்டும் வேண்டாம்!

வண்டியின் நிறத்தையே மாற்றினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்திலும் அதைப் பதிய வேண்டும்.