தண்டையார்பேட்டைக்கு வடக்கே உப்பேறிய கிணறுகள்

தண்டையார்பேட்டையிலிருந்து மீஞ்சூர் சுமார் 20 கி.மீ. அதற்குள் பிழைப்பு மூன்று விதமாக மாறுகிறது. தண்டையார்பேட்டையில் துறைமுக வேலை, எண்ணெய்க் கிடங்குகள். திருவொற்றியூர், எண்ணூர்க் கரையில் மீன்பிடிப்பும் ஆலை வேலையும். கொசஸ்தலையாற்றைத் தாண்டினால் நெல் வயல். 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த திருவொற்றியூரின் ஜனத்தொகை அவ்வாண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2.5 லட்சம்.

மணலியில் 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், 1971-ல் உர ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. 'விஜய்' யூரியா மூட்டை அங்கிருந்து வந்ததுதான். தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் வேண்டுமே! மீஞ்சூர் வட்டார ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து இறைத்துக் கொண்டு போனார்கள். வயலுக்கு உரம் வந்தது. வயலடி நீர் ஆலைக்குப் போனது.

கரையோர மணலில் நன்னீர் மட்டம் தாழ்ந்தால், கனமான கடல்நீர் அடிவழியே உள்ளே புகும். 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உப்பு, 1983-ல் 9 கி.மீ. எட்டியது. 1987-ல் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 2010-ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. ஆனால் உப்பேறிய கிணறு உடனே இனித்துவிடாது.

தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் வடசென்னை மக்களவைத் தொகுதி. மீஞ்சூரோ, பொன்னேரி தனித் தொகுதியில் அடங்கி, திருவள்ளூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. நீரைக் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உறுப்பினரிடம் முறையிட வழியில்லை.

இவ்வட்டார விவசாயிகள் நாற்று விடும் முன் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. உப்பு கூடியிருந்தால் கோ 43 போன்ற உவர் தாங்கும் நெல் ரகத்தைப் பயிரிடலாம்.