வெள்ளை கோட்டுக்கு வெளியே – 7: மேட்ச் ஆகாதவர்கள்

மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் திருவிழாக் கூட்டம். 'மேட்ச்' என்ற இட ஒதுக்கீட்டில் எந்த ஊர், எந்த மருத்துவமனையில் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சி கிடைத்தது என்று அன்றுதான் தெரியும். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்களுக்கோ அதே வாரத்துத் திங்கட்கிழமையை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்கும். இடம் கிடைத்ததா இல்லையா என்ற ஒற்றை வரி அன்று காலையிலேயே மின்னஞ்சலில் வந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் மிச்சமிருக்கும் இடங்களுக்காக வியாழன் வரை ஒரு ஓட்டம். அதிலும் கைநழுவினால் அடுத்த மார்ச் வரை காத்திருக்க வேண்டும்.

போன வாரம் வரை தேர்வுகளைத் தாண்டுவது பற்றிப் பார்த்தோம். எல்லாவற்றையும் தாண்டிய பிறகும் இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்யலாம் என்பது இந்த வாரம்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024 மேட்ச்சில் மொத்தம் 41,503 இடங்கள் இருந்தன. அமெரிக்கக் கல்லூரிகளில் எம்.டி. இறுதியாண்டில் இருந்தவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களில் 58.5 சதவீதம் பேருக்குத்தான் கிடைத்தது. நூற்றுக்கு நாற்பத்தோரு பேர் வெளியே நின்றார்கள். இவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தேர்வுகளை முடித்து, விரும்பும் மருத்துவமனைகளின் பட்டியல் கொடுக்கும் கட்டம் வரை வந்தவர்களை மட்டுமே வைத்துப் போட்ட கணக்கு இது. நேர்காணல் அழைப்பே வராமல் பாதியில் நின்றவர்கள் இதில் சேர்த்தியில்லை.

காரணம் பழையது. ரெசிடென்சி பயிற்சிக்குப் பெரும்பங்கு பணம் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டிலிருந்து வருகிறது. 1997-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த பட்ஜெட் சட்டம், அந்தப் பணம் போகும் இடங்களின் எண்ணிக்கையை 1996-இல் இருந்த அளவிலேயே கட்டிப்போட்டது. 2020 டிசம்பரில்தான் ஒரு சட்டம் வழியாக 1,000 இடங்களைக் கூட்டினார்கள். அதுவும் ஆண்டுக்கு 200 வீதம். மருத்துவமனைகள் தங்கள் கைக்காசைப் போட்டுச் சேர்த்த இடங்கள் உண்டு என்றாலும் அவை போதவில்லை. 2036-க்குள் 86,000 மருத்துவர்கள் வரை பற்றாக்குறை வரலாம் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே சொல்கிறது. மருத்துவர் இல்லாத ஊர்களும், ஊர் கிடைக்காத மருத்துவர்களும் ஒரே நாட்டில் இருக்கிறார்கள். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு அடி 2022-இல் விழுந்தது. அதுவரை அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் 1 தேர்வில் 250, 260 என்று மதிப்பெண் வாங்கி, 'கல்லூரிப் பெயர் தெரியாவிட்டாலும் பையன் கெட்டிக்காரன்' என்று காட்டிக்கொள்ள முடிந்தது. அந்த ஆண்டு ஜனவரி 26 முதல் அந்தத் தேர்வு தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே சொல்கிறது. பட்டம் வாங்கி ஐந்தாண்டு தாண்டியவர்களின் விண்ணப்பங்களைக் கணினியே ஒதுக்கிவிடும் மருத்துவமனைகளும் நிறைய. ஆண்டு ஒன்று கழிந்தால் வாய்ப்பும் ஒரு படி இறங்குகிறது.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஐ.டி. மாப்பிள்ளை, அவர் மனைவி என்ற முறையில் எச்-4 விசா, டல்லாஸிலோ எடிசனிலோ ஒரு அபார்ட்மெண்ட். எச்-4-இல் இருப்பவர் படிக்கலாம், தேர்வு எழுதலாம். வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அந்த அட்டை 2015-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் கணவரின் கிரீன் கார்டு படிகளில் ஐ-140 என்ற மனு ஏற்கப்பட்ட பிறகே பெரும்பாலும் கிடைக்கும். அதற்குள் ஒரு குழந்தை, ஸ்டெப் தேர்வுக்கு ஓராண்டு, கணவரின் வேலை மாற்றத்தால் ஊர் மாற்றம். இதற்கிடையில் அந்த ஐந்தாண்டு ஓடிவிடுகிறது. ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா கேட்கிறார்: "என்னம்மா, மேட்ச் ஆச்சா?" பிறகு அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். பிறகு யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவது இன்னும் வலிக்கிறது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

இவர்களை வைத்துப் பிழைக்கும் ஒரு சந்தையும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவரின் பின்னால் கைகட்டி நின்று பார்ப்பதற்கு அப்சர்வர்ஷிப் என்று பெயர். அதை ஏற்பாடு செய்து கொடுக்க ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் தரகர்கள் உண்டு. நல்ல சிபாரிசுக் கடிதம் தரக்கூடிய இடமா என்று விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மேட்ச் பாருங்கள். இரண்டாவதற்கு விண்ணப்பிக்கும்போதே மாற்று வேலைக்கும் கால் எடுத்து வையுங்கள். மூன்றாவது, நான்காவது என்று சும்மா காத்திருக்கும் ஆண்டுகள்தான் மனிதரை உடைக்கின்றன. மாற்று வேலை என்றதும் கூகுளில் பட்டியல் தேடக் கூடாது. மருத்துவத்தில் உங்களை இழுத்தது எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியின் கையைப் பிடிப்பதா? நோயைக் கண்டுபிடிக்கும் துப்புத் துலக்கலா? ஆராய்ச்சியா? விடைக்கு ஏற்ப வழி மாறும்.

துப்புத் துலக்கல் பிடித்தவர்களுக்கு, நம் ஊரில் அதிகம் தெரியாத ஒரு வேலை இருக்கிறது. மருத்துவமனைகளில் அதைச் சி.டி.ஐ. என்கிறார்கள். நோயாளியின் மருத்துவக் குறிப்புகள், அவருக்கு உண்மையில் இருக்கும் நோயின் கடுமையைச் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்கும் வேலை.

ஒரு குறிப்பேட்டைத் திறந்து பார்ப்போம். எழுபது வயதுப் பெரியவர். சிறுநீரில் தொற்று, 102 டிகிரி காய்ச்சல், நாடித்துடிப்பு 118, வெள்ளை அணுக்கள் 19,000, லாக்டேட் 3.4. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று மகனை அடையாளம் தெரியாமல் பார்க்கிறார். வார்டு மருத்துவர் அவசரத்தில் 'யூரோசெப்சிஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அந்தச் சொல்லுக்குக் குறியீடே கிடையாது. மருத்துவரிடம் விளக்கம் கேட்காமல் அதைச் செப்சிஸ், அதாவது தொற்றால் உயிருக்கே ஆபத்தான நிலை, என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அப்படியே விட்டால், சாகக் கிடக்கும் மனிதர் காகிதத்தில் சாதாரண நீர்க்கடுப்பு நோயாளியாகிவிடுவார். மருத்துவமனைக்கு வரவேண்டிய பணம் குறையும். அவர் இறந்துபோனால், லேசான நோயாளியைக்கூடக் காப்பாற்றாத மருத்துவமனை என்று புள்ளிவிவரம் சொல்லும்.

சி.டி.ஐ. வேலையில் இருப்பவர் இதைக் கண்டுபிடித்து மருத்துவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். "இது செப்சிஸ்தானே, எழுதிவிடுங்கள்" என்று கேட்கக் கூடாது, அது விதிமீறல். காய்ச்சல், துடிப்பு, லாக்டேட் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, சிறுநீர்த் தொற்றால் வந்த செப்சிஸா, செப்சிஸ் இல்லாத தொற்றா, வேறு ஏதாவதா, சொல்ல இயலவில்லையா என்று தேர்வுகளைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு பரிசோதனை முடிவைப் பார்த்ததும் நோய் மனத்தில் தட்ட வேண்டும். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு அது தட்டும். அதனால்தான் அனுபவமுள்ள நர்ஸ்களையும் வெளிநாட்டு மருத்துவர்களையும் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள். இரண்டாண்டு அனுபவத்துக்குப் பிறகு எழுத சி.சி.டி.எஸ். என்ற தேர்வு இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யும் வாய்ப்பும் பல இடங்களில் உண்டு. முதல் வேலை கிடைப்பதுதான் கடினம். மருத்துவக் குறியீடு போடும் வேலையில் நுழைந்து அங்கிருந்து மேலே போனவர்கள் அதிகம்.

ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் வேலை. புதிய மருந்தின் சோதனையில் சேரும் நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி ஒப்புதல் வாங்குவது, மருந்து கொடுத்த நேரம் முதல் பக்கவிளைவு வரை ஒன்று விடாமல் பதிவது. இதில் விசா சம்பந்தமான ஒரு நன்மை இருக்கிறது. பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகளும் எச்-1பி வேலை விசாவின் ஆண்டு உச்சவரம்புக்குள் வராது. அந்த விசாவுக்கான குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி-யில் வருபவர்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. ஆகவே எந்த விசாவில், எங்கிருந்து விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் ஓரடியும் வைக்கக் கூடாது. ரெசிடென்சி ஆசை இன்னும் விடாதவர்களுக்கும் இந்த வேலைதான் நல்லது. கூட வேலை பார்த்த பேராசிரியர் எழுதும் கடிதத்துக்குத் தனி மதிப்பு.

மருந்து நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவில் பக்கவிளைவு அறிக்கைகளைப் படித்து மதிப்பிடுவது இன்னொரு வேலை. எதிர்பாராத, கடுமையான பக்கவிளைவு என்றால் 15 நாளுக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இதே வேலை சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பதால், ஊர் திரும்ப நேர்ந்தாலும் அனுபவம் வீண்போகாது.

எம்.பி.எச். எனப்படும் பொது சுகாதாரப் பட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல். மேட்ச் ஆகாத மறுநாளே கல்விக் கடன் வாங்கி அதில் சேருகிறவர்கள் ஏராளம். ஏன் என்று கேட்டால், சும்மா இருக்கக் கூடாது என்பார்கள். அது போதுமான காரணம் இல்லை. சமூகத்தின் ஆரோக்கியத்தில் மெய்யான ஈடுபாடு இருந்தால் தாராளமாகச் சேருங்கள். சேரும்போது பாடப்பிரிவைப் பாருங்கள். எபிடெமியாலஜி, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் போன்ற பிரிவுகள் ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளின் பட்டியலில் இருப்பதால், மாணவர் விசாவில் படித்தவர்கள் பிறகு மூன்றாண்டு வரை வேலை பார்க்கலாம். பொதுவான எம்.பி.எச். என்றால் பெரும்பாலும் ஓராண்டுதான்.

அந்தத் துறையை மனமாரத் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஹோசே ராமோன் ஃபெர்னாண்டஸ்-பேன்யா மெக்சிகோவில் மருத்துவம் படித்தவர். அமெரிக்காவில் பொது சுகாதாரத்துக்கு வந்து, தன்னைப் போல வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கு வழிகாட்ட 2001-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் 'வெல்கம் பேக்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2021-இல் அமெரிக்கப் பொது சுகாதாரச் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

இனி, நோயாளியைத் தொடாமல் இருக்க முடியாது என்பவர்களுக்கு. இவர்களுக்குப் பெரும்பாலும் மீண்டும் படிப்பதைத் தவிர வழியில்லை. எம்.பி.பி.எஸ். இருந்தால், மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் பிசிசியன் அசிஸ்டென்ட்டாக நேராக ஆகலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, தவறு. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் சேர்ந்து, ஏறக்குறைய 27 மாதம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். சோனோகிராஃபி படித்து ஸ்கேன் எடுக்கலாம். ரெஸ்பிரேட்டரி தெரபி படித்து ஐசியூவில் வென்டிலேட்டர் பார்க்கலாம். இரண்டுக்கும் இரண்டாண்டளவில் படிப்பு உண்டு. சோனோகிராஃபியை நான் உயர்வாகவே நினைக்கிறேன். கருவின் இதயத் துடிப்பை முதலில் காட்டுவது அந்தக் கைதான்.

நர்ஸிங் என்று சொன்னால் நம் வீடுகளில் முகம் சுருங்குகிறது. "டாக்டருக்குப் படிச்சிட்டு நர்ஸ் வேலையா?" என்ற அந்தக் கேள்வி இரண்டு தொழில்களையும் ஒருசேர அவமதிக்கிறது. மயாமியில் உள்ள புளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகம், வெளிநாட்டு மருத்துவர்கள் நர்ஸ் ஆவதற்கென்றே 2000-களின் தொடக்கத்தில் தனிப் படிப்பு தொடங்கியது. கியூபாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்த மருத்துவர்கள் அதில் படித்தார்கள். நர்ஸ் ஆனவர் மேலே படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அவர் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே நோயாளியைப் பரிசோதித்து, மருந்து எழுதலாம். மீண்டும் படிக்கும் இந்த வழிகளில், ஒருவரை மீண்டும் நோயாளிக்கு எதிரே மருந்துச் சீட்டோடு உட்காரவைக்கும் வழிகள் இதுவும் பிசிசியன் அசிஸ்டென்ட்டும்தான். வீட்டார் முகம் சுருங்குவதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

மாநிலச் சட்டங்கள் மாறுவதாக வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் பாதி உண்மை. மிசௌரி 2014-லேயே, ரெசிடென்சி கிடைக்காதவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்ய 'அசிஸ்டென்ட் பிசிசியன்' உரிமம் கொண்டுவந்தது. குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். டென்னசி 2023-இல் ரெசிடென்சி இல்லாமல் தற்காலிக உரிமம் தரும் சட்டம் இயற்றியது. புளோரிடா உள்ளிட்ட வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. பெரும்பாலான இந்தச் சட்டங்கள், சொந்த நாட்டில் மேற்படிப்போ சில ஆண்டு மருத்துவ அனுபவமோ உள்ளவர்களுக்கானவை. எம்.பி.பி.எஸ். முடித்ததும் விமானம் ஏறியவர்களுக்கு இவற்றால் பயன் குறைவு.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவை மட்டும் எக்காரணம் கொண்டும் காலாவதியாக விடாதீர்கள். ஊர் திரும்பி நீட் பிஜி எழுத அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

கடைசியாக, மருத்துவம் படித்த மகளுக்கு அமெரிக்க வரன் பார்க்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதோடு, அவருடைய ஐ-140 ஏற்கப்பட்டுவிட்டதா என்றும் கேளுங்கள். ஏற்கப்படவில்லை என்றால் உங்கள் மகள் எத்தனை ஆண்டு சம்பளமில்லாமல் வீட்டில் இருக்க நேரும் என்பதைக் கணக்குப் போட்டு, அதை அவளிடம் காட்டி, முடிவை அவள் கையில் விடுங்கள். ஸ்டெப் 1, ஸ்டெப் 2 இரண்டையும் இந்தியாவில் இருந்தபடியே எழுத முடியும். கல்யாணத் தேதியை அதற்குப் பிறகு குறியுங்கள்.

(தொடரும்)