குப்பிக்குள் நெல்லி

காலை நடை முடித்து வருபவர்களுக்காகப் பூங்கா வாசலில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். நெல்லிக்காய், இஞ்சித்துண்டு, கறிவேப்பிலை, சிட்டிகை உப்பு. வண்டிக்காரர் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, டம்ளரில் நீட்டுவார். முதல் மடக்கில் முகம் சுளிக்கும். பிறகு குடிக்கும் பச்சைத்தண்ணீர்கூட இனிக்கும். இப்போது அந்தப் புளிப்பும் துவர்ப்பும் வேண்டாம் என்பவர்களுக்காக மருந்துக்கடையில் நெல்லி கேப்ஸ்யூல் வந்திருக்கிறது. விழுங்கினால் வேலை முடிந்தது என்கிறார்கள்.

உண்மையில் முடிகிறதா? வைட்டமின் சி கணக்கையே பார்ப்போம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை, 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் என்றது. 2017-ல் வந்த புதிய அட்டவணையில் அது 250 அளவுக்கு இறங்கிவிட்டது. ரகம், மண், பருவம், அளக்கும் முறை என எது மாறினாலும் எண் மாறும். விளம்பரக்காரர்கள் மட்டும் இன்னும் 600-ஐ விடவில்லை! குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும், நடுத்தரக் காய் ஒன்றில் 80, 90 மில்லிகிராம் தேறும். அதே நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 80, பெண்ணுக்கு 65 போதும். அதாவது, ஒரே ஒரு காய். (அரநெல்லிக்கு இந்தப் பெருமை கிடையாது, அது வேறு மரம்.)

கேப்ஸ்யூல் குப்பியில் '500 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் நெல்லிப்பொடி அல்லது எக்ஸ்ட்ராக்டின் எடை. வைட்டமின் சி-யின் எடை அல்ல. அது எவ்வளவு என்று பின்பக்கப் பொடியெழுத்தில் தேடுங்கள். இல்லையென்றால், நீங்கள் வாங்குவது வெறும் நம்பிக்கையைத்தான். தேன்நெல்லியும் லேகியமும் இன்னொரு கதை: அவற்றில் நெல்லியோடு சர்க்கரையும் தாராளமாக உள்ளே போகிறது.

பலன் இல்லாமல் இல்லை. கீரை, பயறு உணவோடு நெல்லி சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். ரத்தசோகை மிகுந்த நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. சில சிறு ஆய்வுகளில் கெட்ட கொழுப்பு குறைந்திருக்கிறது. சளி? வைட்டமின் சி-யைத் தினமும் எடுத்தாலும் பொதுவாகச் சளி பிடிப்பது குறைவதில்லை. பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் விலகும், அவ்வளவுதான். மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் வாங்குவதால் பெரிய பயன் இல்லை.

'இயற்கைதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்பவர்களுக்கு: சுவீடன் ஆண்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை போட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. மிஞ்சிய வைட்டமின் சி-யில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுவதே காரணம் என்று கருதப்படுகிறது. அங்கே மாத்திரை ஒன்று 1,000 மில்லிகிராம் அளவு. தினம் ஒரு நெல்லிக்காய் தின்பவர் அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் கல் வந்தவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் குப்பியைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் அப்படியே: நெல்லி எக்ஸ்ட்ராக்ட் அவற்றின் வேகத்தைக் கூட்டக்கூடும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கலவைகளில் கூடுதல் கவனம் தேவை. நெல்லிச்சாற்றோடு சீந்தில் கொடியும் சேர்த்து விற்கிறார்கள். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட சிலரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. கல்லீரல் நோயாளி அதில் சாட்சியாக வேண்டாம்.

உணவுத் துணைப்பொருளாக விற்கும் குப்பியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், 'மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் இருக்க வேண்டும். அந்த வாசகத்தை அச்சடித்துவிட்டு, அதே அட்டையில் நோயைக் குணமாக்கும் என்றும் எழுதியிருந்தால், அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மருந்துச் சீட்டோடு அந்தக் குப்பியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.