புள்ளியும் அரசியலும்

தரப்படுத்தல் என்ற சொல்லை எம்மில் மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளிகள் போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்றாயிற்று. ஊரையும் உறவையும் விட்டு நாம் புறப்பட்ட கதையின் முதல் அத்தியாயங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே அமெரிக்காவிலும் பல்கலைக்கழக வாசலில் அரசியல் நிற்பதைக் கண்டால் எமக்கு நெஞ்சு பதைக்கிறது. 2023 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம், ஹாவார்ட், வட கரோலினா வழக்குகளில், இனத்தைக் கணக்கில் எடுக்கும் அனுமதி முறையைத் தடுத்தது. இங்கும் ஒரு தரப்படுத்தல் ஒழிந்ததென மகிழ்ந்தோர் எம்மிடையே உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே ஆளும் பெரும்பான்மை தனக்கே வாசலை அகலமாக்கியது. இங்கே நெடுங்காலம் வெளியே நிறுத்தப்பட்டோரை உள்ளே அழைக்கவே அம்முறை வந்தது. அதனால் எம் பிள்ளைகளுக்கு இடம் குறைந்ததா என்று கேட்பது நியாயமே. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல.

வாசலைத் தாண்டினால் வகுப்பறை. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் எஸ்.ஏ.ரி. பரீட்சையைக் கைவிட 2020இல் முடிவு செய்தது. 2025 நவம்பரில் அதன் சான் டியேகோ வளாக ஆசிரியர் குழு வெளியிட்ட அறிக்கையின்படி, புதுமுக மாணவரில் ஏறத்தாழ 8 பேருக்கு ஒருவர் உயர்பள்ளிக் கணிதத் தரத்தை எட்டவில்லை. பெருந்தொற்று, பரீட்சை நீக்கம், பள்ளிகள் வாரி வழங்கும் புள்ளிகள் எனப் பல காரணங்கள் அதில் கூறப்பட்டன. ஒஸ்ரினிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகமோ அதே பரீட்சையை மீண்டும் கட்டாயமாக்குவதாக 2024இல் அறிவித்தது.

அதே ரெக்சாஸில், அரச பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை 2024 ஜனவரி முதல் ஒரு சட்டம் மூடியது. 2025இன் இன்னொரு சட்டம், ஆளுநர் நியமிக்கும் ஆட்சிக்குழுக்களுக்குப் பாடத்திட்டத்தை மேற்பார்வையிடும் அதிகாரத்தைக் கூட்டியது. பேராசிரியர்கள் இடதுசாரிச் சார்புடையோர் என்பது ஒரு தரப்பின் குற்றச்சாட்டு. அதைத் திருத்த அரசு கையை நுழைத்தால், நாளை எந்த வரலாற்றைப் படிப்பிப்பது என்பதையும் அரசே தீர்மானிக்கும் என்பது மறுதரப்பின் அச்சம். அந்த அச்சத்தின் பொருளை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

பிள்ளை வீடு வந்ததும் "எத்தனை புள்ளி?" என்றே கேட்டுப் பழகிவிட்டோம். இனி, "என்ன படிப்பித்தார்கள்? மறுபக்கம் என்ன சொல்கிறது?" என்றும் கேட்போம். பல்கலைக்கழகம் எம் சமூகத்துக்கு வெறும் வேலைக்கான ஏணியாக மட்டும் இருந்ததில்லை.