வீட்டுக் குளிரூட்டிப் பராமரிப்பு

வீட்டுக் குளிரூட்டிப் பராமரிப்பு என்பது, வீடுகளில் பயன்படும் அறைக் குளிரூட்டிகளைத் தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் குறைந்த மின்செலவிலும் இயங்கச் செய்யும் பணிகளைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இக்கருவி ஏசி என்றே அழைக்கப்படுகிறது. வடிகட்டியைக் கழுவுதல், சுருள்களைத் தூய்மை செய்தல், வடிகுழாயைச் சரிபார்த்தல், மின் இணைப்புகளைச் சோதித்தல், வளிமக் கசிவைக் கண்டறிதல் ஆகியவை இப்பணிகளுள் முதன்மையானவை. இக்கட்டுரை தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

இயங்கும் முறை

தற்கால மின் குளிரூட்டியை 1902ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்தார். அச்சுத்தாளைப் பாதித்த காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் முதல் நோக்கம். இன்றைய வீட்டுக் குளிரூட்டியும் அறையைக் குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் நீக்குகிறது.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. இதற்கு நான்கு உறுப்புகள் தேவை. அறைக்குள் உள்ள ஆவியாக்கிச் சுருளில் குளிர்பதன நீர்மம் ஆவியாகி, காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் எனப் பரவலாக அறியப்படும் அமுக்கி, அந்த ஆவியை உயர் அழுத்தத்துக்குக் கொண்டு செல்கிறது. வெளிப்பெட்டியில் உள்ள ஒடுக்கிச் சுருளில் அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து மீண்டும் நீர்மம் ஆகிறது. பின்னர் விரிவுக் குழாய் வழியே அழுத்தம் குறைந்து ஆவியாக்கியை அடைகிறது.

இரு சுருள்களின் மீதும் தடையின்றிக் காற்று செல்ல வேண்டும் என்பதே பராமரிப்பின் அடிப்படை. தூசு படிந்தால் வெப்பப் பரிமாற்றம் குறையும். அமுக்கி நெடுநேரம் ஓடும். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அமுக்கியின் ஆயுளும் குறையும்.

குளிரூட்டியின் திறன் டன் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை நீக்கும் திறன் ஆகும். இது கருவியின் எடையைக் குறிப்பதன்று.

தருமபுரி மாவட்டச் சூழல்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. கடலிலிருந்து தொலைவில் உள்ள இம்மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டுவது வழமை. சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் உப்புக்காற்று சுருள்களை அரிப்பது முதன்மைச் சிக்கலாகும். தருமபுரியில் அச்சிக்கல் இல்லை. தூசும் நீரின் தன்மையுமே இங்கு கவனிக்க வேண்டியவை.

தூசு: கோடையில் வறண்ட செம்மண் நிலங்களிலிருந்து எழும் புழுதி வெளிப்பெட்டியின் சுருளில் எளிதில் படிகிறது. பெங்களூர் - சேலம் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் வாகனப் புகையும் இதனுடன் சேர்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை என்ற பொதுவான அளவைவிட, கோடைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரு முறை தூய்மை செய்வது பொருத்தமானது.

நீர்: இம்மாவட்டம் கடினப்பாறை நிலப்பகுதியில் உள்ளது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. புளோரைடால் குளிரூட்டிக்குக் குறிப்பிடத்தக்க கேடு இல்லை. ஆனால் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் சுருளின் தகடுகளில் உலரும்போது வெண்படிவை விட்டுச் செல்லும். எனவே சுருளைக் கழுவக் கடினத்தன்மை குறைந்த நீரைப் பயன்படுத்துவது நல்லது. குளிர்ச்சியைக் கூட்டும் நோக்கில் வெளிப்பெட்டியின் மீது நாள்தோறும் உப்புநீரைத் தெளிப்பது தவறான பழக்கம் ஆகும்.

வடிகுழாயில் வரும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாவது. அதில் புளோரைடு இல்லை எனக் கருதி அதைக் குடித்தல் கூடாது. சுருளில் உள்ள தூசும் நுண்ணுயிர்களும் உலோகத் துகள்களும் அதில் கலந்திருக்கும். வீடு துடைக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் பயன்படுத்தலாம்.

பராமரிப்புப் பணிகள்

வீட்டார் தாமே செய்யக்கூடியவை:

* பயன்பாட்டுக் காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டியைக் கழற்றி நீரில் கழுவி, நிழலில் முழுதும் உலர்த்தி மாட்டுதல்.
* வெளிப்பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டத்தைத் தடுக்கும் பொருட்களை அகற்றுதல்.
* வடிகுழாயில் அடைப்பு உள்ளதா எனப் பார்த்தல். அறைக்குள் நீர் சொட்டுவதற்குப் பெரும்பாலும் இந்த அடைப்பே காரணம்.
* கதவு, சன்னல் இடைவெளிகளை மூடுதல்.

தொழில்நுட்பர் செய்ய வேண்டியவை:

* இரு சுருள்களையும் விசிறிகளையும் நீர்ப்பீச்சியால் தூய்மை செய்தல்.
* அமுக்கி எடுக்கும் மின்னோட்டத்தை அளத்தல்.
* மின்தேக்கி, மின் முனைகள், நில இணைப்பு ஆகியவற்றைச் சோதித்தல்.
* வெளிப்பெட்டியின் மின்சுற்றுப் பலகையில் பல்லி, எறும்பு புகுந்துள்ளதா எனப் பார்த்தல். பல்லியால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பலகை பழுதாவது தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படுகிறது.

செலவு

2020களின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டு நகரங்களில் நிலவும் தோராயமான செலவுகள் கீழே தரப்பட்டுள்ளன. ஊர், நிறுவனம், கருவியின் வகை ஆகியவற்றைப் பொறுத்து இவை மாறும்.

* சாதாரணத் தூய்மைப் பணி: ரூ. 400 முதல் 700 வரை
* நீர்ப்பீச்சித் தூய்மைப் பணி: ரூ. 600 முதல் 1,200 வரை
* மின்தேக்கி மாற்றுதல்: ரூ. 300 முதல் 800 வரை
* வளிமம் முழுதாக நிரப்புதல்: ரூ. 2,000 முதல் 4,000 வரை
* மின்சுற்றுப் பலகை, அமுக்கி: பல ஆயிரம் ரூபாய்

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் இரு வகைப்படும். ஒன்றில் வேலைக்கூலி மட்டும் அடங்கும். மற்றொன்றில் உதிரிப்பாகங்களும் அடங்கும். வளிமம் இதில் சேருமா என்பதை எழுத்தில் பெறுவது அவசியம்.

மின்கட்டணமும் பராமரிப்பும்

அடைபட்ட வடிகட்டியை மாற்றுவதால் குளிரூட்டியின் மின்நுகர்வு 5 முதல் 15 விழுக்காடு வரை குறையலாம் என அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. தமிழ்நாட்டின் படிநிலைக் கட்டண முறையில் இச்சிறு வேறுபாடு பெரிதாகிறது. 2022 செப்டம்பரில் அறிமுகமான வீட்டுக் கட்டணத்தில், இரு மாத நுகர்வு 500 அலகைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான அலகுகளுக்கும் ரூ. 2.25க்குப் பதிலாக ரூ. 4.50 கணக்கிடப்பட்டது. 2024 ஜூலையில் விகிதங்கள் மேலும் உயர்ந்தன.

ஒரு வீட்டில் இரு மாதத்தில் பிற கருவிகளுக்கு 200 அலகும் குளிரூட்டிக்கு 300 அலகும் செலவாவதாகக் கொள்வோம். 2022ஆம் ஆண்டு விகிதப்படி 500 அலகுக்குக் கட்டணம் ரூ. 1,725. தூசடைப்பால் குளிரூட்டியின் நுகர்வு 10 விழுக்காடு கூடினால் மொத்தம் 530 அலகு ஆகும், கட்டணம் ரூ. 2,190. அதாவது 30 அலகுக்காக ரூ. 465 கூடுதலாகக் கட்ட நேரிடும். இது ஒரு தூய்மைப் பணியின் கூலிக்கு ஏறத்தாழச் சமம்.

வெப்பநிலை அமைப்பை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தெரிவிக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெறும் அறைக் குளிரூட்டிகளில் 24 பாகை செல்சியசு தொடக்க அமைப்பாக இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

வளிமம் நிரப்புதல்

குளிர்பதன வளிமம் எரிபொருளைப் போலத் தீர்ந்துபோவதன்று. அது மூடிய சுற்றில் மீண்டும் மீண்டும் சுழல்கிறது. எனவே ஆண்டுதோறும் வளிமம் நிரப்ப வேண்டும் என்பது சரியன்று. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது என்றே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே செலவு மீண்டும் வரும்.

சரியான முறையில், முதலில் நைதரசன் வளிமத்தை அழுத்தத்தில் செலுத்திக் கசிவு கண்டறியப்படும். கசிவை அடைத்த பின் வெற்றிடக் குழாய்க்கருவியால் சுற்றிலுள்ள காற்றும் ஈரமும் அகற்றப்படும். இறுதியில், கருவியின் பெயர்ப்பலகையில் குறித்த எடைக்கு வளிமம் நிறுத்து நிரப்பப்படும்.

பழைய கருவிகளில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடியது. 1987ஆம் ஆண்டு மொன்றியல் நெறிமுறையின் கீழ் இவ்வகை வளிமங்கள் படிப்படியாக விலக்கப்படுகின்றன. அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைச் சிதைக்காது. எனினும் புவி வெப்பமாதலுக்கு மிகுதியாகக் காரணமாகிறது. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 இவ்வகையில் தாக்கம் குறைந்தது. ஆனால் ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில கருவிகளில் உள்ள ஆர்-290 என்பது புரோப்பேன், எளிதில் தீப்பற்றும். ஒரு வளிமத்துக்கு உரிய கருவியில் மற்றொன்றை நிரப்பக் கூடாது.

பாதுகாப்பு

* எப்பணிக்கும் முன் தொலைவியக்கியால் நிறுத்தினால் போதாது. சுவரில் உள்ள மின்துண்டிப்பானையும் அணைக்க வேண்டும்.
* மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதோர் அதைத் தொடக் கூடாது.
* கசிவுச் சோதனைக்கு ஆக்சிசனைப் பயன்படுத்தக் கூடாது. அமுக்கியில் உள்ள எண்ணெயுடன் அது சேர்ந்தால் வெடிப்பு நேரும்.
* மாடிச் சுவரில் உள்ள வெளிப்பெட்டியில் பணிபுரிபவர் பாதுகாப்பு வார் அணிந்திருக்க வேண்டும். அதன் தாங்கிகள் துருப்பிடித்துள்ளனவா என ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

நுகர்வோர் உரிமை

பணிக்கு உரிய பற்றுச்சீட்டையும், மாற்றப்பட்ட பழைய உதிரிப்பாகத்தையும் கேட்டுப் பெறலாம். சேவைக் குறைபாடு இருப்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருந்தால் இதற்குக் கட்டணம் இல்லை.

இவற்றையும் பார்க்கவும்

* குளிர்பதனம்
* மொன்றியல் நெறிமுறை
* தருமபுரி மாவட்டம்