பால் விஷமாகும் குழந்தைகள்! காட்டிக் கொடுக்கும் ஒரு சொட்டு ரத்தம்

பிறந்தபோது இரண்டு குழந்தைகளும் நன்றாகத்தான் இருந்தன. மூத்தது பெண், இளையது ஆண். ஆனால், வயது ஏற ஏற அறிவு வளரவில்லை. உடம்பில் ஒரு விசித்திர வாடையும் வீசியது.

அவர்களுடைய தாய் நார்வே நாட்டைச் சேர்ந்தவர். பல டாக்டர்களிடம் காட்டினார். காரணம் தெரியவில்லை. தாய் சோர்ந்துவிடவில்லை. 1934-ம் ஆண்டு டாக்டர் ஃபோலிங் என்பவரை நாடினார்.

அவர் குழந்தைகளின் சிறுநீரில் ஒரு ரசாயனத்தை ஊற்றினார். அது பச்சை நிறமாக மாறியது! நோய் பிடிபட்டது. ஆனால், அந்த இரு குழந்தைகளையும் குணப்படுத்த அன்று வழி இல்லை.

என்ன நோய்?

இதன் பெயர் பி.கே.யு. பால், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றில் பினைலலனின் என்ற சத்து இருக்கிறது. இந்த நோய் உள்ள குழந்தையின் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

சாப்பாடே மருந்து

1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டாக்டர் பிக்கெல் குழுவினர், நிற்கக்கூட முடியாத ஒரு சிறுமிக்கு அந்தச் சத்தைக் குறைத்த உணவைக் கொடுத்தார்கள். சிறுமி எழுந்து நின்றாள்!

ஆனாலும், கெட்ட மூளை முழுவதும் சீராகாது. பிறந்த உடனே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

குதிகாலில் ஒரு குத்து

அமெரிக்க டாக்டர் ராபர்ட் கத்ரி வழி சொன்னார். குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, ரத்தத்தை ஒரு தாளில் ஒற்றி எடுத்தால் போதும். 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பின்னர் பல நாடுகளில் பரவியது.

இன்று மரபணுவையே படித்துப் பார்க்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது சிலருக்கே பலன் தரும். யாருக்குப் பலன் தரலாம் என்று கணிக்க மரபணுச் சோதனை உதவுகிறது.

பிறந்த சில நாட்களிலேயே நோயைக் கண்டு, தாய்ப்பாலைக்கூட டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால், குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும், பள்ளிக்கூடம் போகும். நாள் கடந்தால், இழந்த அறிவு முழுவதும் திரும்பாது.